எட்டரைச் சங்கு

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று நான் பெனிட்டாவிடம் சொல்லாதது: ‘ஏழாம் மைல்’ படத்தில் அந்த அம்மா திரும்பி வருவதில்லை.

சொல்ல இடம் இருந்தது. நஸ்ரின் வீட்டுக் கூடத்தில் மூவரும் பெனிட்டாவின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரிகள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜனவரியில் கல்யாணம். நஸ்ரின் தன் போனை நீட்டி, இருபது வருஷத்துக்கும் முந்திய ஏதோ படத்தை மறுபடி எடுக்கிறார்களாம், நவம்பரில் வருகிறதாம் என்றாள். மலைப்பாதை, ஒரு மைல்கல், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சிறுமி. பெனிட்டா பத்திரிகைகளைத் தள்ளிவிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏய், இது நம்ம கிளப்புல போட்ட படம்டி சுடரு.”

நான் ஆமாம் என்றேன்.

பேச்சு அங்கிருந்து ரீமேக்குகளுக்குப் போயிற்று. பழைய படத்தைத் திரும்ப எடுப்பதில் நஸ்ரினுக்கு வருத்தமே இல்லை. பிரியாணியை யாராவது ஒரு தடவையோடு நிறுத்துகிறார்களா என்று கேட்டாள். எனக்குப் பிடிக்காது. நூலகத்தில் திருத்திய பதிப்பு வந்ததும் பழையதைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். அந்த வேலையை நான் எப்போதும் தள்ளிப்போடுவேன். பெனிட்டா ஒரு படத்தை இரண்டாவது முறை பார்த்ததே இல்லை. டிவியில் போட்டால்கூட எழுந்து போய்விடுவாள். ஆனால் இதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

“இத மட்டும் கடைசி வரைக்கும் உக்காந்து பாப்பேன். முடிவுதான் எனக்குத் தெரியுமே.”

நஸ்ரின் சிரித்தாள். சிரிப்புக்குக் காரணம் உண்டு. எங்கள் மூவரின் பழக்கங்களைக் கல்லூரி விடுதியிலேயே கேலி செய்வார்கள். நஸ்ரின் எந்தப் படத்துக்கும் முடிவைப் படித்துவிட்டுத்தான் போவாள். முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் பயப்பட முடியுமாம். நான் கடைசிப் பெயர் ஓடி, விளக்கு போட்டு, பெருக்குகிறவர் வரும்வரை எழமாட்டேன். பெனிட்டா, படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் முழங்காலைத் தட்டிவிட்டு வெளியே போய்விடுவாள். பாப்கார்ன் விற்கும் இடத்தில் நிற்பாள். நான் போய் முடிவைச் சொல்ல வேண்டும்.

“நீ சொன்னாதான் படம் முடிஞ்ச மாதிரி இருக்கு” என்பாள்.

வரும்போது மழை. கொடியில் துணி நனைந்துவிட்டது.

அக்டோபர் 9, புதன்

நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. நான்காவது அலமாரியில் கரையான். பதினொரு புத்தகங்கள் போயின.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

பெனிட்டாவும் நானும் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தோம். ‘சி’ லைனில் அடுத்தடுத்த வீடுகள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஆறரைக்கு கிளப்பில் படம். இரும்பு நாற்காலிகளில் ஆலைத் தூசி படிந்திருக்கும். துடைக்க மறந்து உட்கார்ந்தால் பாவாடையின் பின்பக்கம் வெள்ளையாக நாலு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்தே யார் படம் பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

எட்டரைக்கு ஆலைச் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பெனிட்டாவின் அப்பா போட்ட சட்டம். படங்களோ அதற்குமேல் ஐந்து நிமிஷமோ அரைமணியோ கழித்துத்தான் முடியும். அதனால் அவள் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் அவளை உட்காரவைத்து நான் சொல்வேன். பின்சீட்டுப் பிள்ளைகளும் எட்டிக் கேட்பார்கள். முடிவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கடைசி அரைமணி நேரம் நான் கண்ணைக் கொட்டமாட்டேன்.

‘ஏழாம் மைல்’ நாலாம் வகுப்பில் பார்த்தது. அம்மா வேலைக்காகக் கீழே நகரத்துக்குப் போகிறாள். மகள் தினமும் மாலையில் மைல்கல் மேல் உட்கார்ந்து கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கிறாள். வளைவில் பேருந்தின் வெளிச்சம் தெரியும்போது சங்கு ஊதிவிட்டது. பெனிட்டா எழுந்து ஓடினாள்.

மறுநாள் நான், அம்மா வந்துவிட்டாள் என்று சொன்னேன்.

அக்டோபர் 12, சனி

காரணத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை பெனிட்டாவின் அம்மா வீட்டை விட்டுப் போயிருந்தார். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். லைன் முழுக்கத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. எனக்கு என் அம்மா, அடுத்த வீட்டு அக்காவிடம் சமையலறையில் பேசியதைக் கேட்டுத் தெரியும்.

ஒன்பது வயதில் எனக்கு வேறு என்ன செய்யத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பெனிட்டாவுடன் பெரிய கடைவீதி. கல்யாணக் கவுனுக்குத் துணி எடுத்தோம். வெள்ளையிலேயே பதினைந்து வகை இருக்கிறது.

ஜூஸ் கடையில் உட்கார்ந்தபோது ஒரு எண்ணைக் காட்டினாள். அவள் சித்தி கொடுத்ததாம். அம்மா திண்டுக்கல்லில் இருக்கிறாராம். ஒரு தையலகத்தில் வேலை. கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது பெற்றோர் பேரைச் சொல்வார்கள், சாமியார் அம்மா பேரைக் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்த பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

“கூப்புடலாமா வேணாமான்னு தெரியல. அப்பா உன் இஷ்டம்கிறாரு. படம் வரட்டும், பாத்துட்டு முடிவு பண்றேன்.”

படத்துக்கும் இதற்கும் என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போலத்தான் கேட்டேன்.

“தெரியல. அது ஒண்ணுதான் எனக்கு நல்லா முடிஞ்ச படம்.”

அந்த வருஷம் முழுக்க அவள் மாலை ஐந்தே முக்காலுக்கு ஆலை வாசல் நிறுத்தத்தில் போய் நின்றாள். அரியலூர் பேருந்து வந்து போனதும் திரும்பிவிடுவாள். மஞ்சள் கவுன் போட்டிருப்பாள், அவள் அம்மா தைத்தது, முன்னால் ஒரு பை வைத்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்தக் கவுனோடு எடுத்த படத்தைத்தான் இன்றுவரை வாட்ஸப்பில் வைத்திருக்கிறாள். ஆதார் அட்டையிலாவது வளர்ந்தாயா என்று நஸ்ரின் கேட்பாள்.

நவம்பர் 3, ஞாயிறு

நஸ்ரின் பழைய படத்தின் கதையை இணையத்தில் படித்துவிட்டாள். அவள் படிப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேராக எனக்குத்தான் போன் செய்தாள்.

“பெனி சொல்ற மாதிரி இல்லையே. அம்மா வரவே இல்லயாமே.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஏறக்குறைய. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“நான் போய்ச் சொல்லிடுவேனோன்னு பயப்படாத, சொல்ல மாட்டேன். ஆனா தியேட்டர்ல பக்கத்துல உக்காந்துகிட்டு அவ பாக்கட்டும்னு விட்டுடாதடி. அதுக்கு முன்னாடி நீ சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

சொல்லவில்லை. அவளுக்குக் காய்ச்சல்.

நவம்பர் 17, ஞாயிறு

சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மதியக் காட்சிக்கு மூவரும் போனோம். நஸ்ரின் வழியெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டிக்கெட் கிழிக்கும் இடத்தில் என் கையைக் கிள்ளினாள். நான் பெனிட்டாவைக் கூப்பிட்டேன். அவள் திரும்பி, “என்ன?” என்றாள். தண்ணீர் பாட்டில் எடுத்து வந்தாயா என்று கேட்டேன்.

புதுப் படத்தில் மலை பச்சையாக இருக்கிறது, மழை அளவுக்கு அதிகமாகப் பெய்கிறது, மைல்கல்லுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். பழைய படத்தில் அந்தச் சிறுமி பேசவே மாட்டாள். இவள் நிறையப் பேசுகிறாள். இடைவேளையில் பெனிட்டா பப்ஸின் மேல் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் பழக்கத்தில் காலை மடக்கினேன். அவள் என் தொடையில் அடித்து, “போகலடி” என்றாள்.

வளைவில் வெளிச்சம் தெரிந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் பட்ட வெளிச்சத்தை வைத்துத்தான் பேருந்து நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தால் அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் ஒருவர், “கெடுத்துட்டாங்கய்யா” என்றார். பலர் அதையேதான் சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். பெனிட்டா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். அன்று பள்ளிப் பேருந்தில் நான் கட்டிச் சொன்னதை யாரோ ஆளும் விளக்கும் மழையும் வைத்து எடுத்தே விட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

படியிறங்கும்போது பெனிட்டா சொன்னாள்: “அப்படியே எடுத்திருக்காங்க. மஞ்சக் கவுன மட்டும் விட்டுட்டாங்க.”

அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். அம்மா இறங்கி, மகள் வளர்ந்துவிட்டதால் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகிறாள், பிறகு அந்த மஞ்சள் கவுனைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாள் என்று. பழைய படத்தில் கவுனே கிடையாது. அந்தச் சிறுமி பாவாடை சட்டை.

“இதுல எதுவும் இல்லாமலே கண்டுபுடிச்சிட்டாங்க பாத்தியா. இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள். நாளைக்கு அம்மாவிடம் பேசப் போகிறாளாம்.

நஸ்ரின் ஆட்டோவில் ஏறும்வரை என்னிடம் பேசவில்லை.

நவம்பர் 25, திங்கள்

சிலிண்டர் வந்தது. புதன்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அன்று அவளுக்கு ஆய்வகத்தில் அரைநாள் வேலைதான்.

நவம்பர் 26, செவ்வாய்

மதியம் நஸ்ரின் ஒரு இணைப்பை அனுப்பினாள். சினிமா ரசிகர்கள் கூடும் ஒரு முகநூல் குழு. பெனிட்டா நேற்றிரவு எழுதியிருக்கிறாள்: “படம் அருமை. ஒரே குறை. பழைய படத்தில் அம்மா மகளின் மஞ்சள் கவுனை வைத்துத்தான் அடையாளம் காண்பார். அந்தக் காட்சியை ஏன் எடுத்துவிட்டார்கள்?”

கீழே இருநூற்றுப் பதினான்கு பதில்கள். எந்த ஊரில் எந்தப் படம் பார்த்தீர்கள் மேடம். கனவில் வந்த படம் போலிருக்கிறது. அம்மாவே வராத படத்தில் கவுன் எங்கிருந்து வந்தது. எல்லாப் பதில்களுக்கும் சிரிக்கும் முகங்கள் போட்டிருந்தார்கள். ஒருவர் பழைய படத்தின் கடைசி மூன்று நிமிஷத்தை அப்படியே ஏற்றியிருந்தார்.

பெனிட்டா யாருக்கும் பதில் எழுதவில்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அவள் பேருக்குப் பக்கத்தில் சாம்பல் வட்டம் மட்டும் இருந்தது. படத்தை எடுத்துவிட்டாள்.

நவம்பர் 27, புதன்

எடுக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எடுக்கவில்லை. நூலகத்தில் கழிவுப் பட்டியலை முடித்துக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பழைய பதிப்புகள்.

டிசம்பர் 1, ஞாயிறு

இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பெனிட்டா வந்தாள். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் முக்காடுத் துணி அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன். சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“அந்த வீடியோவ நான் ஓடவிடல. நீ சொல்லு.”

கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். எத்தனையோ படங்களுக்கு முடிவு சொல்லியிருக்கிறேன், இவ்வளவு குறைவான வார்த்தைகளில் சொன்னதில்லை.

“பஸ் வந்து நிக்குது. கண்டக்டர் மட்டும் எறங்குறாரு. அந்தப் பொண்ணு கையில ஒரு துணிப்பையக் குடுத்துட்டு ஏறிக்கிறாரு. பஸ் போயிடுது.”

“அம்மா?”

“வரல.”

“பையில என்ன?”

“காட்டல.”

“நீயா எதுவும் சேக்கலையே?”

“இல்ல.”

அவள் முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வந்துட்டாங்கன்னு சொன்னியே, அது சரி. சின்னப் புள்ள, பாவம்னு சொல்லிருப்ப. கவுன் எதுக்குடி?”

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “முந்தின நாள் படத்துக்கு நீ அதத்தான் போட்டுட்டு வந்த. ஏதாச்சும் ஒண்ணு நெசமா இருந்தாதான் நீ நம்புவன்னு தோணுச்சு.”

“ஒரு வருஷம் போட்டேன் சுடரு. அக்குள் கிழிஞ்சதுக்கு அப்புறமும். அப்பா தூக்கிப் போட்டத குப்பையிலேர்ந்து எடுத்து போட்டேன். இது இல்லாட்டி அம்மாவுக்கு என்னத் தெரியாதுன்னு.”

“தெரியும்.”

“நீ பாத்துகிட்டுதான இருந்த.”

“ஆமா.”

“எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.”

அக்டோபரில் இந்த நோட்டில் ‘பிள்ளைகள் கேலி செய்தார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது அடித்துத் திருத்தவில்லை. ஆமாம், நானும்தான்.

எத்தனை படத்துக்கு இப்படி மாற்றினாய் என்று கேட்டாள். இது ஒன்றுதான் என்றேன்.

படியில் இறங்கும்போது நின்றாள். திங்கட்கிழமையே அம்மாவிடம் பேசிவிட்டதாகவும், பதினாலாம் தேதி திண்டுக்கல்லுக்கு வருவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். அந்தப் பதிவைப் போடுவதற்கு முன்பு பேசியது.

“இப்ப போறதா வேணாமான்னு தெரியல” என்றாள். நான் வாயைத் திறந்தேன்.

“நீ எதுவும் சொல்லாத.”

டிசம்பர் 2, திங்கள்

ஒன்று இல்லை, மூன்று. குதிரை சாகும் படத்தில் குதிரையைப் பிழைக்க வைத்தேன். திருடன் மாட்டிக்கொள்ளும் படத்தில் அவனைத் தப்பவிட்டேன். அந்த இரண்டுக்கும் பாவம் பார்த்தது காரணமில்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் நான் சொல்வதைக் கேட்க முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

டிசம்பர் 14, சனி

காலையிலிருந்து வீட்டைத் துடைத்தேன். மின்விசிறி, ஜன்னல் கம்பி, புத்தக அலமாரியின் பின்பக்கம் உட்பட.

மாலையில் நஸ்ரின் பேசினாள். பெனிட்டா போயிருக்கிறாள். பேருந்திலிருந்து இறங்கியது பெனிட்டா, நிறுத்தத்தில் காத்திருந்தது அவள் அம்மா. பதினொரு மணி பேருந்துக்கு ஒன்பதுக்கே வந்து நின்றாராம். ஓட்டலில் சாப்பிட்டார்கள். நாலு மணி பேருந்தில் பெனிட்டா திரும்பிவிட்டாள். யார் யாரை முதலில் அடையாளம் கண்டார்கள் என்று நஸ்ரினுக்குத் தெரியவில்லை. என்ன பேசினார்கள் என்றும் தெரியவில்லை.

“உனக்குப் போன் பண்ணுவாளா இருக்கும்” என்றாள்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன். பதிலுக்கு வாழ்த்து வந்தது. கேக்கைத் தனியாக நஸ்ரினிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். போன வருஷம் அவளே கொண்டுவந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

பெனிட்டாவின் கல்யாணம். வெள்ளைக் கவுனில் நன்றாக இருந்தாள். நானும் நஸ்ரினும் மூன்றாவது வரிசை.

பூசை முடிந்து வெளியே நின்றபோது, நீலப் பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவர், “சி லைன் சுடர்விழிதான?” என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தது. என்னை உடனே கண்டுகொண்டார்.

சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். பந்திக்கு முன்பே கிளம்பிவிட்டார். பெனிட்டா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெனிட்டாவே கூப்பிட்டாள். நாங்கள் மூவரும் மதியக் காட்சிக்குப் போனோம். நஸ்ரின் முடிவைப் படித்துவிட்டு வந்திருந்தாள். இடைவேளையில் பப்ஸ். புகுந்த வீட்டில் எல்லாரும் டீயில் இஞ்சி போடுகிறார்கள் என்று பெனிட்டா குறைப்பட்டாள். சிரித்தோம். திண்டுக்கல்லைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அவள் போவதற்காக நான் காலை மடக்கிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்து, பெயர்கள் ஓடி, விளக்கு போடும்வரை உட்கார்ந்திருந்தாள்.